இடது பக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

ஹார்ட்வெல், விஸ்கான்சின்
ஜனவரி 12, 1983

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு,

அண்ணன் லைல் எழுதுவது. நானும் லவோனும் சௌக்கியம். குளிர் எங்களைவிடச் சௌக்கியம். கதவைத் திறந்தால் முதலில் அதுதான் உள்ளே வருகிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ போன் செய்ததாக லவோன் சொன்னாள். என்னைக் கூப்பிட்டிருந்தாலும் பயனில்லை. காகித ஆலை என் காதை முழுதாகத் தின்றுவிட்டுத்தான் என்னை வீட்டுக்கு அனுப்பியது. கடிதமே போடு. அதற்குக் காது வேண்டாம்.

கராஜில் நான் கட்டும் விமானம் முடியும் நிலைக்கு வந்துவிட்டது. சிரிக்காதே, இந்த முறை நிஜம். இறக்கை, வால், எஞ்சின் எல்லாம் ஆயிற்று. இத்தனை வருஷமாகப் பனியில் நிற்கும் லவோனின் காருக்கு அடுத்த குளிர்காலத்தில் கராஜ் கிடைத்துவிடும். பாக்கி இருப்பது ஓட்டுகிறவன் முன்னால் கருவிகளைப் பதிக்கும் பேனல் மட்டும்தான். எல்லாரும் செய்வதுபோல நானும் முதலில் அட்டையில் செய்துகொண்டேன். லவோன் தான் சமையல் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து மெஷினில் கருவிகளின் முகங்களை நகலெடுத்து வந்தாள். அவற்றை வட்டம் வட்டமாக வெட்டி, அட்டையில் குண்டூசியால் குத்தி, விமானத்துக்குள் உட்கார்ந்து பார்க்கிறேன். கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது என்று பார்த்து இடம் மாற்றுகிறேன். எஞ்சின் சத்தத்தை வாயால் போட்டுக்கொள்கிறேன்.

நேற்று சாப்பாட்டுக்குத் தாமதமாகப் போனேன். லவோன் காதருகே வந்து கத்தினாள். "எங்க போயிட்டு வர்றே?"

"மினியாபோலிஸ் வரைக்கும். எதிர்க்காத்து."

"வர்ற வழியில பால் வாங்கியிருக்கலாமில்ல?"

இப்படி ஒருத்தியை எனக்குக் கட்டிவைத்தவள் நீ. உன் வகுப்புத் தோழிகளிலேயே நல்லவளைத்தான் தள்ளிவிட்டாய். வருஷா வருஷம் நாங்கள் ஓஷ்கோஷ் விமானத் திருவிழாவுக்குக் காரில் போய், கூடாரத்தில் படுத்து, அடுத்தவன் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறோம். இந்த ஜூலையில் அவளை வலது சீட்டில் உட்காரவைத்து அங்கே போய் இறங்கப்போகிறேன்.

நொறுங்கிய விமானம் ஒன்றிலிருந்து கழற்றிய கருவிகளை வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். விமானக் கருவி பழுதுபார்க்கும் உன் கடை மேசையில் வைத்துச் சரிபார்த்துக் கொடு.

உன் அண்ணன்,
லைல்


விசிட்டா, கன்சாஸ்
ஜனவரி 25, 1983

அன்புள்ள அண்ணா,

நான் நலம், முழங்காலைத் தவிர. நீங்கள் இருவரும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? லவோனைக் கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டிக்கொள்ளச் சொல். அவள் பள்ளி நாளிலிருந்தே கட்டமாட்டாள்.

பெட்டி வந்தது. எதைக் காசு கொடுத்து வாங்கினாய் என்று உனக்குத் தெரியுமா? வேகமானிக்குள் ஒரு செத்த குளவி. உயரமானி நான் மேசையைத் தட்டினால் ஏறுகிறது. அடிவானம் காட்டும் கருவிக்குள் சுழலும் கைரோவின் பேரிங் மாவாகிவிட்டது. எங்கள் கடையில் புது ஆட்களைப் பயமுறுத்த வைத்துக்கொள்ளலாம். சரி, பார்த்துத் தருகிறேன். நல்லதாக இருப்பவற்றை முதலில் அனுப்புகிறேன்.

பேனல் விஷயத்தில் நான் சொல்வதைக் கேள். சொந்த மூளையைப் பயன்படுத்தாதே. நீ இடது சீட்டில் உட்கார்ந்து ஓட்டப்போகிறாய். உன் மூக்குக்கு நேரே ஆறு பெரிய கருவிகள். மேல் வரிசையில் இடது ஓரம் வேகமானி, நடுவில் அடிவானம் காட்டுவது, வலது ஓரம் உயரமானி. உலகத்தில் விமானம் ஓட்டும் எல்லாருடைய கண்ணும் அந்த வரிசைக்குத்தான் பழகியிருக்கிறது. தரையிறங்கும்போது வேகமானி எங்கே என்று தேடுகிறவன் அதைக் கண்டுபிடிப்பதற்குள் விழுந்துவிடுவான். விழுந்தவர்களின் கருவிகள் என் மேசைக்கு வருகின்றன, அண்ணா. முள் எதில் நின்றது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதிவிட்டுச் சீக்கிரம் மூடிவிடுவேன்.

நல்லதாக ஒரு வரைபடம் போட்டு அனுப்பு. தப்பிருந்தால் திட்டி எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆர்டிஸ்


ஹார்ட்வெல்
மார்ச் 20, 1983

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பிப்ரவரியில் எழுத முடியவில்லை. காய்ச்சலில் படுத்துவிட்டேன். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சின்ன அடைப்பு, சரியாகிவிடும் என்றார் டாக்டர். சரியாகியும் விட்டது. லவோன்தான் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்துகிறாள்.

நீ அனுப்பியவை வந்தன. வேகமானி மட்டும் இன்னும் வரவில்லை.

வரைபடம் உள்ளே இருக்கிறது. இந்த முறை நன்றாக யோசித்துப் போட்டேன். எங்கள் சங்கத்து மெர்ல் ஷூல்ட்ஸ் கட்டிய விமானத்தைவிட அழகாக இருக்கும். என் மூக்குக் கண்ணாடி பழசாகிவிட்டது, அதனால் உன் கடிதங்களை லவோனே படித்துக் காட்டுகிறாள். அவள் படித்தால் உன் திட்டுகூட நன்றாக இருக்கிறது.

லைல்


விசிட்டா
மார்ச் 28, 1983

அன்புள்ள அண்ணா,

இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரி வரை போனதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை? லவோன், படிக்கிறவள் நீதானே, இந்தக் கேள்வி உனக்கும்தான்.

வரைபடத்தைப் பார்த்தேன். இது என்ன? எல்லாக் கருவியையும் கொண்டுபோய் வலது பாதியில் அடைத்திருக்கிறாய். வேகமானி லவோனின் முழங்காலுக்கு நேரே இருக்கிறது. உயரமானி கதவோரம் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. உனக்கு நேரே, இடது பக்கம், வெறும் தகரம். ஓட்டப்போவது நீயா அவளா? கடைப் பையன்களிடம் காட்டினேன். "கண்ணாடியில பாத்து வரைஞ்சுட்டாரா?" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. கடிதத்தை ஏன் தாளின் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறாய்? இடது பாதி முழுதும் காலி. காகித ஆலையில் இருந்தவன் காகிதத்தை இப்படி வீணாக்கலாமா?

திரும்ப வரைந்து அனுப்பு. நான் ஜனவரியில் சொன்ன வரிசைப்படி.

ஆர்டிஸ்


ஹார்ட்வெல்
ஏப்ரல் 10, 1983

ஆர்டிஸுக்கு,

நலம். உன் நலத்தையும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

நான் நடுவிலிருந்து எழுதவில்லை. ஓரத்திலிருந்துதான் எழுதுகிறேன். நீ உன் கண்ணை டாக்டரிடம் காட்டிக்கொள்.

பேனலைப் பற்றி: இடது பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு ஒரு ரேடியோ வாங்கினால் எங்கே வைப்பேன்? விமானம் கட்டும் எவனும் இடம் விட்டுத்தான் வைப்பான். இது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே விமானம் கட்டுகிற எங்கள் சங்கத்து ஆட்கள் காபிக்கு வந்து, கராஜில் நின்று பார்த்தார்கள். மெர்லும் வந்தான். அவன் மற்றவர்களின் விமானங்களைப் பார்த்து யோசனை சொல்கிறவன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"புத்திசாலி வேலை லைல். இடம் விட்டு வச்சிருக்கே பாரு. நான் எல்லாத்தையும் நெருக்கிக் குத்திட்டு இப்போ முழிக்கிறேன்."

ஒருத்தன் மட்டும், "வேகமானி தள்ளி இருக்கே" என்று இழுத்தான். மெர்ல் அவனை அடக்கிவிட்டான். "அடுத்தவன் பேனல்ல மூக்கை நுழைக்காதே. அவன் கண்ணு, அவன் உசுரு."

ஆகவே நீயும் நுழைக்காதே. வேகமானியை அனுப்பு. அலுமினியத் தகடு வாங்கிவிட்டேன், துளை போடப்போகிறேன்.

லைல்


விசிட்டா
ஏப்ரல் 16, 1983

அன்புள்ள லவோன்,

இதை உன் பள்ளிச் சமையற்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். அவன் முன்னால் பிரிக்காதே. உன் உடம்பு எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். பிப்ரவரியில் என்ன நடந்தது? காய்ச்சல் என்று எழுதாதே. அவன் அனுப்பிய வரைபடத்தையும் இரண்டு கடிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றிலும் இடது பாதி இல்லை. இடம் விட்டுவைத்திருக்கிறேன் என்கிறான். இடம் விடுகிறவன் அங்கே இடம் இருக்கிறது என்று தெரிந்து விடுவான். இவனுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

அவனுக்கு இடது பக்கம் தெரிகிறதா, லவோன்?

ஆர்டிஸ்


ஹார்ட்வெல்
ஏப்ரல் 30, 1983

அன்புள்ள ஆர்டிஸ்,

நான் நன்றாக இருக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தை இத்தனை நாள் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டே உருளைக்கிழங்கு மசித்தேன்.

தெரியவில்லை. இடது பக்கம் என்பதே அவனுக்கு இல்லை. இடது கண்தான் கெட்டுவிட்டது என்று நான் டாக்டரிடம் சொன்னேன். கண் இல்லையாம், மூளையாம். கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறதாம். வலது பக்க மூளையில் ரத்தம் அடைத்ததால் இடது பக்க உலகம் அவன் கணக்கிலிருந்தே போய்விட்டதாம். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "தெரியலேன்னு அவருக்கே தெரியாதும்மா. நீங்க சொன்னாலும் நம்பமாட்டார்." வண்டி ஓட்டக்கூடாது என்றார். விமானத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாதி முகத்தைத்தான் சவரம் செய்கிறான். மீதியை, "விட்டுப்போச்சு, இரு" என்று நான் செய்துவிடுகிறேன். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குக் கிழங்கு வைக்கலியா?" என்கிறான். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் தட்டைத் திருப்பி வைக்கிறேன். "அட, இருக்கே" என்று சந்தோஷமாகச் சாப்பிடுகிறான். ஒரு நாள் காரை எடுத்து, வாசலில் இருந்த தபால் பெட்டியை இடித்துத் தள்ளிவிட்டு வந்தான். எதையும் இடித்ததாகவே அவனுக்குத் தெரியவில்லை. கியர் கெட்டுவிட்டது என்று சொல்லிச் சாவியை ஒளித்துவைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் அவன் வாய் திறக்கவில்லை, ஆர்டிஸ். சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். சாப்பாடு ஊட்டினால் துப்பினான். போய்விட்டான் என்றே நினைத்தேன். ஒரு நாள் வேறு வழி தெரியாமல் கராஜிலிருந்து அந்த அட்டையை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தான். பிறகு, "குண்டூசி எங்கே?" என்றான். அதுதான் முதல் வார்த்தை. அந்த அட்டையைக் கொடுத்து எழுப்பியவள் நான். அதை நானே எப்படிப் பிடுங்குவேன்?

உன் கையில் வேகமானி இருக்கிறதே. அதை அனுப்பாதே. அது இல்லாமல் அவன் மேலே போகமாட்டான். எனக்குக் கொஞ்சம் நாள் கிடைக்கும்.

லவோன்


விசிட்டா
மே 5, 1983

அன்புள்ள லவோன்,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. உன்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியவில்லை. நீ சாப்பிடுகிறாயா? அவன் தட்டைத் திருப்பிக்கொண்டே உன் தட்டை மறந்துவிடாதே.

வேகமானி என் இழுப்பறையில் இருக்கிறது. சரியாகி ஒரு மாதம் ஆயிற்று. ஏதாவது பொய் எழுதிக்கொள்கிறேன். அது இல்லாமல் யாரும் மேலே போகமாட்டார்கள், அவ்வளவு முட்டாள் இல்லை லைல்.

ஆனால் இது பூட்டு இல்லை. மெர்லிடம் ஒன்று கடன் வாங்கினால் முடிந்தது. லைலோடு நீயும் போவாய். வலது சீட்டில் உட்கார்ந்து, இடது பக்கம் மரம் வருகிறது, கம்பி வருகிறது என்று அவன் செவிட்டுக் காதில் கத்திக்கொண்டிருப்பாயா? கீழே இருப்பவர்களை நினைத்தாயா?

அவனிடம் சொல். அவன் நம்பமாட்டான் என்று டாக்டர் சொன்னால் என்ன, இத்தனை வருஷம் உன் பேச்சைத்தானே நம்பினான். மே முடிவதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் விமான ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதிவிடுவேன். அவர்கள் வந்து தாளை நீட்டிச் சொல்வதைவிட நீ கையைப் பிடித்துச் சொல்வது நல்லது.

உன்னை மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. மிரட்டுகிறேன்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆர்டிஸ்


ஹார்ட்வெல்
மே 21, 1983

அன்புள்ள ஆர்டிஸ்,

நலம். உன் மிரட்டல் நியாயம்தான்.

இரண்டு தடவை ஆரம்பித்தேன். முதல் தடவை, "லைல், உன் இடது பக்கம்..." என்றேன். "ரேடியோவுக்குத்தான்னு எத்தனை தடவை சொல்றது?" என்றான். இரண்டாவது தடவை அவன் பேனலுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் காயவைத்திருந்தான். பாதிதான் கறுப்பு. மீதி வெள்ளித் தகடு. என்னைக் கூப்பிட்டு, "எப்படி?" என்றான். முகமெல்லாம் பல். நான் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவன் தூங்கிய பிறகு மீதியை அடித்துவைத்தேன். அவனைக் காப்பாற்றுகிறேனா ஏமாற்றுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் முதல் ஞாயிறு. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் சொல்லிவிடுகிறேன். சத்தியம். அதுவரை யாருக்கும் எழுதாதே. இதை மட்டும் எனக்காகச் செய்.

லவோன்


ஹார்ட்வெல்
மே 30, 1983

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு,

அண்ணன் நலம், ரொம்ப நலம். போன கடிதத்தில் சிடுசிடுத்துவிட்டேன். மனதில் வைக்காதே. முழங்கால் எப்படி இருக்கிறது?

வேகமானிக்கு உதிரிப் பாகம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். உங்கள் கடையில் ஆமை வேலை செய்கிறதா? பரவாயில்லை, அவசரமில்லை. பேனலை மாட்டிவிட்டேன். பின்னால் ஒயர் எல்லாம் கட்டியாயிற்று. கட்டும்போது மெர்ல் கூட இருந்தான். எண்ணெய் அழுத்தம், சூடு எல்லாம் முள் ஜம்மென்று எழுந்து நிற்கிறது.

வரும் சனிக்கிழமை காலை லவோன் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, மெர்லின் வண்டியில் கட்டி, விமானத்தை அவனுடைய புல்தரை ஓடுதளத்துக்கு இழுத்துப்போய்த் தரையில் ஓட்டிப் பார்க்கப்போகிறேன். மேலே போகமாட்டேன், பயப்படாதே. பிரேக் பிடிக்கிறதா, திரும்புகிறதா என்று பார்க்க மெல்ல மெல்ல உருட்டுவதுதான். எல்லாரும் செய்வது. தரையில் உருட்ட வேகமானி எதற்கு?

லவோனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் அது இது என்பாள். ஓட்டிவிட்டு வந்து சொல்லி அசத்துகிறேன்.

உன் அண்ணன்,
லைல்


ஹார்ட்வெல்
ஜூலை 24, 1983

ஆர்டிஸுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த விவரம் கிடைத்தது. இத்தனை நாள் கூட இருந்து சமைத்துப் போட்டதற்கு என்ன சொல்வது. நீ போன பிறகு வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. முழங்காலைப் பார்த்துக்கொள். அடக்கத்தன்று ரொம்ப நேரம் நின்றாய்.

நீ இருந்தபோது ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கேட்க முடியவில்லை. இப்போது கேட்கிறேன்.

மெர்லின் மனைவி என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கையை நீட்டி, "எத்தனை விரல்?" என்றார். "கையே எங்க இருக்கு டாக்டர்?" என்றேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு இடது பக்கம் தெரிவதில்லை என்கிறார். அப்படி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். விசாரிக்க வந்த போலீஸ் ஷெரிஃபும் அதைத்தான் எழுதிக்கொண்டார்.

நான் ஒழுங்காகத்தான் செய்தேன், ஆர்டிஸ். எஞ்சினைக் கிளப்பும் முன் "விலகு!" என்று கத்தினேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. மெர்ல் வலது இறக்கையோரம் தீயணைப்பானோடு நின்றான். லவோனுடைய கார் இடது பக்கமாக வந்ததாம். கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தாளாம். கையை ஆட்டிக்கொண்டு எனக்கு எதிரே, அதே இடது பக்கமாக, வந்து நின்றாளாம். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேனாம். நான் பார்த்துவிட்டேன், நிறுத்திவிடுவேன் என்று நினைத்துத்தான் அவள் நகரவில்லை என்கிறான் மெர்ல்.

நான் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எஞ்சினின் அதிர்வு முதுகில் ஏறியது. ஒன்பது வருஷ வேலை, சந்தோஷத்தில் சிரித்தேன். பிரேக்கை விட்டு எஞ்சின் வேகத்தை ஏற்றினேன். புரொப்பெல்லர் எதிலோ பட்ட மாதிரி ஒரு குலுங்கல். எஞ்சின்தான் இடறுகிறது என்று நினைத்து எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்தேன். முள் சரியாக இருந்தது. மெர்ல் ஏன் ஓடுகிறான் என்று எனக்குப் புரியவில்லை.

மெர்ல் சொல்கிறான், அவள் எதையோ கத்திக்கொண்டே வந்தாளாம். எஞ்சின் சத்தத்தில் அவனுக்கும் கேட்கவில்லை. நான் அங்கே போயிருப்பது அவளுக்குத் தெரியாது. அன்று காலை வீட்டுக்கு ஒரு போன் வந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். போனை வைத்த கையோடு காரை எடுத்தாளாம்.

அது நீயா? அவள் என்ன சொல்ல வந்தாள் என்று உனக்குத் தெரியுமா? அது தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லைல்


விசிட்டா
ஆகஸ்ட் 9, 1983

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மெர்லின் மனைவி கொண்டுவந்து கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லாதே. தனியாக வெளியே போகாதே. இந்தக் கடிதத்தை உனக்கு மெர்ல் படித்துக் காட்டுவான் என்று நினைக்கிறேன். மெர்ல், நிறுத்தி நிறுத்திப் படி, அவனுக்குக் கேட்க வேண்டும்.

ஆமாம், அன்று போன் செய்தது நான்தான். உன் கடிதம் அன்று காலைதான் கிடைத்தது. நீ மெர்லின் புல்தரையில் இருப்பாய் என்று பேச்சுவாக்கில் அவளிடம் சொன்னேன். ஜூலையில் ஓஷ்கோஷுக்கு நானும் லீவு போட்டு வருகிறேன், மூன்று பேரும் சேர்ந்து இருக்கலாம் என்றும் சொன்னேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "இப்பவே போய் அவன்கிட்ட சொல்றேன்" என்றாள். சாயங்காலம் சொல்லலாமே என்றேன். கேட்கவில்லை. உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு அவளால் உட்கார முடியாதே.

அதைச் சொல்லத்தான் ஓடி வந்தாள், அண்ணா. வேறு ஒன்றும் இல்லை.

உன் தங்கை,
ஆர்டிஸ்